மிதிபலகையைப் பார்க்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அக்கா,

என் மாணவி பயிற்சியில் நன்றாக நீளம் பாய்கிறாள். மாகாண மட்டப் போட்டியில் மூன்று பாய்ச்சலும் ஃபவுல், மிதிபலகையைத் தாண்டி மிதித்துவிட்டாள். நானும் அவளுடைய அப்பாவும் வேலியோரம் நின்று "பலகையைப் பார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியும் பயனில்லை. தியானம் பழக்கலாமா? போட்டிக்கு முன் குளுக்கோஸ் கொடுக்கலாமா?

விளையாட்டு ஆசிரியர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

குளுக்கோஸை விடுங்கள், பயிற்சி நாளில் சாப்பிடுவதையே அன்றும் சாப்பிடட்டும். தியானம் பிடித்தால் செய்யட்டும். எனக்குக் கோபம் வந்தது அந்த வேலியோரத்தில்தான்.

ஓடிவந்து மிதித்துப் பாய்வது மாதக்கணக்கில் பழகி, உடம்பு தானாகச் செய்கிற வேலை. பதற்றம் வந்ததும் மனம் அந்த வேலையைத் தன் கையில் எடுத்து ஒவ்வொரு அடியையும் கண்காணிக்கத் தொடங்குகிறது, கடைசிக் காலடிகள் குலைகின்றன. பலகையோ 20 சென்ரிமீற்றர் அகலம்தான். அந்த நேரத்தில் இரண்டு பெரியவர்கள் "பலகையைப் பார்" என்று கத்தினால் பிள்ளை என்ன செய்யும்? பயத்தை நீங்களே ஊட்டிவிட்டு அதைப் போக்கத் தியானம் தேடுகிறீர்கள்.

என் தங்கையும் நீளம் பாய்ந்தவள்தான். மக்கெய்சர் மைதானத்தில் ஒரு போட்டியன்று அப்பா இப்படித்தான் கத்திக்கொண்டு நின்றார், அவ்வளவு பாசம் அவருக்கு. மூன்றாவது பாய்ச்சலுக்கு முன் அவள் மணற்குழியைப் பார்க்கவேயில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் பாயவில்லை. ஏன் விட்டாய் என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஃபவுல் விழுந்தால் மனத்திடம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட்டே 100 மீற்றர் இறுதியில் துப்பாக்கி வெடிக்குமுன் புறப்பட்டு வெளியேற்றப்பட்டார். ஒரு வாரத்துக்குள் அங்கேயே 200 மீற்றரை வென்றார்.

உங்களுக்கு வேலை இருக்கிறது தம்பி, அது போட்டியன்று இல்லை. பயிற்சியிலேயே போட்டியைக் கொண்டுவாருங்கள். மூன்றே பாய்ச்சல் என்று சொல்லுங்கள், கொடி பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள், மற்றப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பெயர் கூப்பிடுங்கள், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவளை நன்றாகக் காக்க வையுங்கள். நெஞ்சு படபடக்கிறபோதும் பாய வரும் என்று அவளுக்கே அங்கே தெரியட்டும். புறப்படுமுன் ஒரு நீண்ட மூச்சு, ஒரு பார்வை, அப்புறம் ஓட்டம் என்று தனக்கென ஓர் ஒழுங்கை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

போட்டியன்று ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் அவள் ஓட்டத்தைத் தொடங்கும் இடத்தில் வைக்கிற குறியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். கச்சான் காற்று முதுகில் தள்ளினால் காலடி நீளும், பலகையைத் தாண்டி மிதிபடும், குறியை ஒரு பாதம் பின்னுக்கு வைக்கச் சொன்னால் போதும். அவளால் செய்ய முடிகிற காரியம் அது. அளவுநாடாவையும் அவள் கையிலேயே கொடுங்கள்.

அப்பா வரட்டும், தள்ளி மரநிழலில் உட்காரட்டும். அடுத்த போட்டி எப்போது என்று எழுதுங்கள், நானும் வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.