முதல் மேயரும் அவருக்குப் பிடித்த குடையும்

வணக்கம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் பள்ளியில் ‘சென்னையின் முதல் மேயர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் ராஜா சர் முத்தையா செட்டியார் என்றேன். அவள் ஹிக்கின்சன் என்கிறாள். யார் சொல்வது சரி? அண்ணா சாலையில் புத்தகக் கடை வைத்தவர்தானா இவர்? 1688-லேயே வெள்ளைக்காரர்கள் நமக்கு உள்ளாட்சி கொடுத்துவிட்டார்கள் என்று பெருமைப்படலாமா?

ஆர்.எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள ஆர்.எஸ்.,

முதலில் புத்தகக் கடை. அது ஹிக்கின்பாதம்ஸ். 1844-ல் தொடங்கியது, அவர் வேறு ஆள். உங்கள் வீட்டுச் சண்டையில் இருவருக்கும் வெற்றிதான். மாநகராட்சித் தலைவர் பதவிக்கு 1933-ல் மேயர் என்று பெயர் மாறியபோது அதில் முதலில் அமர்ந்தவர் முத்தையா செட்டியார். அதற்கு 245 ஆண்டுகளுக்கு முன்பு, 1688 செப்டம்பர் 29 அன்று, மதராசின் முதல் மேயராகப் பதவியேற்றவர் நத்தானியேல் ஹிக்கின்சன்.

இந்த ஆள் வந்த வழியே விசித்திரமானது. இங்கிலாந்தில் பிறந்தவர் இல்லை. 1652-ல் அமெரிக்காவில், இன்றைய கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் சேலத்துக்குப் போய்விட்டது. நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். அப்பா அங்கே பாதிரியார். மகன் 1670-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, லண்டனுக்குப் போய் ஒரு பிரபுவின் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்து, நாணயச் சாலையில் வேலை செய்து, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து இங்கே வந்தார். கணக்கும் காகிதமுமாக வளர்ந்த மனிதர்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கறுப்பர் நகரம். அதைச் சுற்றி மதில் கட்டக் கம்பெனிக்குப் பணம் வேண்டியிருந்தது. வீட்டு வரி போட்டார்கள். 1686-ல் ஊர் மக்கள் கடைகளைச் சாத்திவிட்டார்கள். கவர்னர் மிரட்டிப் பார்த்தார், வசூல் நகரவில்லை. லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தவர் சர் ஜோசையா சைல்ட். வரி போடுகிற வேலையை ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்பது அவருடைய கணக்கு. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் பேசி, 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தைக் கம்பெனி தன் பெயரிலேயே வெளியிட்டது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த நகர்மன்ற உறுப்பினர்கள்), 60 பர்ஜஸ்கள் (நகரப் பிரதிநிதிகள்). வரியில் நகர மண்டபம், சிறைச்சாலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் எல்லாம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

ஆல்டர்மேன்களில் கம்பெனி ஊழியர்களும், கோல்கொண்டா வைரத்துக்காக வந்து தங்கிவிட்ட போர்த்துகீசிய யூத வணிகர்களும், நம் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அலங்காத்தா பிள்ளை. தங்கசாலைத் தெருவில் இருக்கும் ஏகாம்பரேஸ்வரர் கோயில் அவர் கட்டியது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி குடைக்கு வருகிறேன். மேயரும் ஆல்டர்மேன்களும் விழா நாட்களில் சிவப்பு அங்கி அணியலாம், வெள்ளித் தண்டம் முன்னே போகலாம், லண்டன் மேயரைப் போலக் குதிரையில் ஊர்வலம் வரலாம் என்று கம்பெனி எழுதி அனுப்பியது. கூடவே, அவர்கள் தலைக்கு மேல் ‘கிட்டிசால்’ பிடிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. போர்த்துகீசியச் சொல். வெயிலை விலக்குவது என்று பொருள், அதாவது நம் குடைதான். அதை ஏன் சலுகையாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். எட்டு வருடம் முன்பு, 1680-ல், புனித ஜார்ஜ் கோட்டையில் ஓர் உத்தரவு: கவுன்சில் உறுப்பினர்கள், கப்பல் தலைவர்கள், பாதிரியார்கள் போன்ற சிலரைத் தவிர, பட்டணத்தில் ஆண்கள் யாரும் ‘ரவுண்டெல்’ என்ற வட்டக் குடை பிடிக்கக் கூடாது. நம்ம ஊர் வெயிலில் இப்படி ஒரு சட்டம்! வெண்கொற்றக் குடை என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வரி போடும் பொறுப்பைத் தலையில் கட்டி, அதற்கு மேலே ஒரு குடையையும் பிடித்தார்கள். இதை உள்ளாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அந்த வரியும் சரியாக வசூலாகவில்லை. அந்த அமைப்பில் உருப்படியாக நிலைத்தது மேயர் நீதிமன்றம்தான்.

ஹிக்கின்சனுக்கு அந்தப் பதவி ஒரு படிக்கட்டு. 1692 அக்டோபரில் எலிஹு யேலுக்கு அடுத்து அவர் கவர்னர் ஆனார். யேலும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். பின்னாளில் யேல் அனுப்பிய நன்கொடைக்காக ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைச் சுமக்கிறது. ஹார்வர்டில் படித்த ஹிக்கின்சனை இங்கும் தெரியாது, அங்கும் தெரியாது.

அதே 1692-ல்தான் அவர் வளர்ந்த சேலத்தில் சூனியக்காரிகள் என்று பிடித்துப்போய் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். கோடையில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஹிக்கின்சனின் சகோதரி ஆனும் ஒருவர். கணவர் கைவிட்டுப் போன பெண். நல்லவேளை, உயிர் தப்பினார். தங்கை கைதான சில மாதங்களில் அண்ணன் கோட்டையில் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பல் கடிதங்கள் மாதக்கணக்கில் வந்த காலம். பதவியேற்ற அன்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை.

செஞ்சியை முகலாயப் படை முற்றுகையிட்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நெருக்கடிக்கு நடுவே 1698 வரை ஆறு வருடம் கோட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டன் திரும்பி, 1708 அக்டோபரில் பெரியம்மையில் இறந்தார். சேலத்தில் 92 வயது அப்பா அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஹிக்கின்சன் கவர்னராக இருந்தபோது, 1693-ல், கம்பெனி கைக்கு வந்த கிராமங்கள் எழும்பூர், புரசைவாக்கம், அப்புறம் உங்கள் தண்டையார்பேட்டை. மகள் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம். குடையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.