வாசகர் கேள்விகள்: மீட்புப் படை வரும்வரை யார்?

கேள்வி: வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது, மீட்புப் படை இருக்கிறது. 'மக்கள் பங்கேற்பு' என்று கூட்டம் போடுகிறார்களே, நாங்கள் போய் என்ன செய்துவிடப் போகிறோம்?

பதில்: கூட்டம் போடுவதில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. மேடை, உறுதிமொழி, கைதட்டல், அத்தோடு சரி. ஆனால் படை வந்து சேரும்வரை யார் இருப்பார்கள்? 1995-இல் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, இடிபாடுகளிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

வங்கதேசத்துக்கு வாருங்கள். 1970 நவம்பரில் வந்த போலா புயலில் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. அதன் பிறகு, 1972-இல் கடலோர ஊர்களில் தொண்டர் படை ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். புயல் உருவானால் எச்சரிக்கைக் கொடி ஏற்றுவது, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவது, முதியவர்களைத் தங்குமிடத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள் வேலை. 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். பலர் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கணவர் வந்து சொல்லட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இப்போது தொண்டர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் வாசலில் வந்து "கிளம்புங்க" என்றால் வீட்டுப் பெண்கள் கிளம்புகிறார்கள். 2007-இல் சிதர் புயல் அடித்தபோது உயிரிழப்பு சில ஆயிரங்களோடு நின்றது. தங்குமிடங்களும் வானிலை முன்கணிப்பும் இல்லாமல் தொண்டர்கள் மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சரி, எங்கள் தெருவில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு தாளும் பேனாவும் போதும். தனியாக நடக்க முடியாதவர்கள் யார், அவர்களைத் தூக்கப்போவது யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். 'எல்லோரும் உதவுவோம்' என்று எழுதாதீர்கள். எல்லோரும் என்றால் யாரும் வர மாட்டார்கள். எந்த மூலையில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று அங்கே நெடுநாள் குடியிருப்பவரைக் கேட்டுக் குறித்து, அதிகாரிகளிடமும் கொடுங்கள். ஒத்திகையை ஒருமுறையாவது ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். பகலில் கண்ணில் படாத படிக்கட்டு அப்போது காலில் இடறும்.

கேள்வி: 'நாளை இரவு 11 மணிக்கு நிலநடுக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். நாள், நேரம் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. அதே சமயம், கடலோரத்தில் இருக்கும்போது நிலம் நன்றாக ஆடினால் எந்தத் தகவலுக்கும் காத்திருக்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவுக்காரர்கள் 1907 சுனாமியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தார்கள். 2004-இல் நிலம் ஆடியதும் மலையேறிவிட்டார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்.