புளியங்கொட்டைக் கணக்கு

கேள்வி: மன்னார்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் குறைவில்லை, கல்லாதான் நிறைய மறுக்கிறது. வாசலில் ஆள் எண்ணும் கேமரா வைத்தால், வருகிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று தெரியும் என்கிறான் தம்பி. வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வாசலில் நிற்கும் காவலாளியிடம் ஒரு படி புளியங்கொட்டையும் சில கிண்ணங்களும் கொடுங்கள். ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தால் கிண்ணத்தில் ஒரு கொட்டை. தலைக்கு ஒன்று அல்ல. முகூர்த்தப் பட்டு எடுக்க நம் பக்கத்தில் யார் தனியாக வருகிறார்கள்? பெண், அம்மா, அத்தை, சித்தி, இடுப்பில் ஒரு பிள்ளை என்று ஒன்பது பேர் வந்து ஒரு பில் போடுவார்கள். சாதாரணக் கேமரா அதை ஒன்பது என்று எண்ணும். டீக்குப் போய்வரும் உங்கள் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளும். இரவில் பில் எண்ணிக்கையைக் கொட்டை எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 80 குடும்பம், 28 பில் என்றால் 35 விழுக்காடு.

கிண்ணத்தை மணிக்கொரு முறை மாற்றச் சொல்லுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த கடையில், "விலைதான் விரட்டுகிறது" என்று முதலாளி புலம்பிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால், மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் வந்த 20 குடும்பங்களில் வாங்கியவை நான்கு. வலங்கைமான், நாச்சியார்கோவில் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் அவசரமாக நுழையும் நேரம் அது. எங்கள் ஆட்கள் மொத்தமாக டீக்குக் கிளம்பும் நேரமும் அதுவே! புடவைப் பிரிவில் ஒரே ஒருவர் நின்று விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். இருவர் இருவராகப் போகச் சொன்னோம். விலையில் கை வைக்கவில்லை, நான்கு ஒன்பதாயிற்று. அரட்டையோடு குடித்த டீ போயிற்றே என்று எனக்கு இன்றைக்கும் சிறு வருத்தம் உண்டு.

வெறுங்கையோடு திரும்புகிறவரிடம் "ஏன் வாங்கவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள், அடுத்த முறை தெருவின் எதிர்ச்சாரியில் நடப்பார். "என்ன தேடி வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறியுங்கள். எங்கள் நோட்டில் அதிகம் விழுந்தது, புடவைக்குப் பொருந்தும் ரவிக்கைத் துணி இல்லை என்பதுதான். அதுவரை அதை நாங்கள் ஒரு சரக்காகவே மதித்ததில்லை.

ஓர் எச்சரிக்கை. ஐப்பசி அடைமழையில் பத்துக் குடும்பம் வந்து ஏழு வாங்கினால் 70 விழுக்காடு; கல்லாவோ காலி. ஆகவே அன்றைய விற்பனைத் தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். அறுவடைக் காசு புழங்கும் தை மாதத்தைச் சென்ற தையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆடியில் நம் ஊர்ப் பணம் நாற்றங்காலிலும் உழவிலும் கிடக்கும்.

கேள்வி: ஆடித் தள்ளுபடி போட்டால் வாங்குகிறவர் விகிதம் ஏறுமா?

பதில்: முதலில் ஏறுவது கூட்டம். எடுத்துக் காட்ட ஆள் போதாவிட்டால் விகிதம் இறங்கவும் செய்யும். கூடுதலாக இரண்டு பேரைப் பிடித்துவிட்டுப் பலகையை மாட்டுங்கள்.