ஆர்பிட்டாலுக்கும் போட்டோவா?

கேள்வி: ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதி, வெறும் கணக்கு என்று மகளின் பதினோராம் வகுப்புப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் விஞ்ஞானிகள் அதைப் படமே பிடித்துவிட்டதாகப் படித்த நினைவு. எது சரி?
– ஒரு தாய், தேனி

பதில்: பாடத்தை மாற்ற வேண்டாம், அம்மா. இரண்டு வண்ணச் சாக்பீஸால் p ஆர்பிட்டாலின் டம்பெல் உருவத்தை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். செய்தியைப் படித்த அன்று எனக்கும் இதே குழப்பம்தான்.

இரவில் குடையை விரித்து, துணி வழியே தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புள்ளிக்கோலம் தெரியும். அது துணியின் படம் அல்ல. ஆனால் நெசவின் கணக்கு அதற்குள் இருக்கிறது. இழை நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும்.

2009இல் ஆஸ்திரியாவின் பீட்டர் புஷ்னிக் குழுவினர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆறு பென்சீன் வளையங்களை வரிசையாகக் கோத்த செக்ஸிஃபீனைல் மூலக்கூறுகளை, வெற்றிடத்தில், தாமிரப் படிகத்தின்மேல் படியவைத்தார்கள். அணுக்கள் உழவுசால் போல வரிவரியாக இருக்கும் முகத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொண்டன. ஆளுக்கொரு பக்கம் கிடந்திருந்தால் கோலம் கலைந்திருக்கும். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கிய அதே ஒளிமின் விளைவு. தெறித்ததன் ஆற்றலை அளந்தால் எந்த ஆர்பிட்டாலிலிருந்து புறப்பட்டது என்று தெரியும். எந்தத் திசையில் எத்தனை என்று எண்ணினால் குடைக்கோலம் போல ஒன்று கிடைக்கும். ஃபூரியர் கணிதத்தால், அதாவது கோலத்திலிருந்து அதை உண்டாக்கிய வடிவத்துக்குப் போகும் கணக்கால், அதைத் திருப்பிப் போட்டால் ஆர்பிட்டாலின் உருவம். வெளியேறும் எலக்ட்ரான் இடையூறில்லாத எளிய அலையாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஒரு தொல்லை உண்டு. கிடைப்பது எண்ணிக்கை மட்டும். ஆர்பிட்டால் என்பது கணக்கில் ஓர் அலை; அந்த அலையின் மேடு பள்ளத்தைக் காட்டும் கூட்டல், கழித்தல் குறிகள் தொலைந்துவிடும். (என் இரண்டாவது சாக்பீஸே அந்தக் குறிக்காகத்தான்.) மூலக்கூறின் நீள அகலத்துக்கு அப்பால் ஆர்பிட்டால் பரவாது என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டு, 2014இல் அந்தக் குறிகளையும் அளவீட்டிலிருந்தே மீட்டார்கள். படத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது.

ஆக, அது போட்டோ அல்ல. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து கொடுத்த கோலத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த உருவம். தேர்வில் மகள் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். குடையை மட்டும் இன்றே காட்டிவிடுங்கள். துணிக்குடையாக இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் குடையில் தெரியாது.