வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு ஏது விருப்பம்?

கேள்வி: அரசுப் பள்ளியில் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள் எல்லாம் இருக்கிறது. சாமி கும்பிட மட்டும் இடமில்லை. மூன்று மதத்துக்கும் ஒவ்வொரு பாட்டு வைத்து, விருப்பம் உள்ள பிள்ளைகள் பாடட்டும் என்று விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? (உச்சிப்புளி வாசகர் ஒருவர்)

பதில்: நஷ்டம் பிள்ளைக்குத்தான் ஐயா. நான் கண்ணால் பார்த்தது. கடற்கரையோரம் நான் படித்த பள்ளியில் தினமும் காலையில் ஒரு பக்திப் பாட்டு உண்டு. நாலாம் வகுப்பில் எனக்கு முன்னால் நிற்கும் பையனுக்கு வீட்டில் அந்தப் பாட்டு ஆகாது, ஆனால் வாயை மூடி நின்றால் சாருடைய பிரம்பு வரும் என்பதால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பான். ஒருநாள் பாட்டு முடிந்தது தெரியாமல் அசைத்துக்கொண்டே நின்றான். வரிசை மொத்தமும் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு வாரம் அவன் வரவில்லை. அவனுடைய வாப்பா தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

விருப்பம் உள்ளவர்கள் என்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் பாட, சார் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எட்டு வயசுப் பிள்ளை எனக்கு வேண்டாம் என்று சொல்லுமா? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பள்ளிகளுக்கு எந்த மதத்தின் பெயரும் இல்லாமல் 22 வார்த்தையில் ஒரு ஜெபம் எழுதிக் கொடுத்தார்கள், விருப்பம் இல்லாத பிள்ளை சொல்ல வேண்டாம் என்றும் வைத்தார்கள். ஜெபம் எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்று 1962லேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. அரசுப் பணத்திலேயே நடக்கிற பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28வது பிரிவு. அரசு உதவி வாங்கும் பள்ளி என்றாலும், பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்று பள்ளியை விட்டு நீக்கப்பட்ட வழக்கில், நீக்கியது தப்பு என்று 1986இல் சொன்னது நம் உச்ச நீதிமன்றம். தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் சாமி பாட்டுக்கு?

சரி, மூன்று பாட்டு வைக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எது முதலில்? எந்தப் பாட்டுக்கு யார் வாய் திறக்கிறார்கள் என்று முதல் நாளே வகுப்பு முழுக்கத் தெரிந்துபோகும். பாம்பனிலும் மண்டபத்திலும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து புளியங்காய் பங்கு போடுகிற பிள்ளைகளை நாமே பிரித்து நிறுத்துகிற வேலை அது.

பிள்ளை பள்ளியில் சாமி கும்பிடக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தங்கச்சிமடத்தில் ஒரு பிள்ளையின் அப்பா மீன்பிடிக்க அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருக்கிறார், ராத்திரி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று காலையில் சேதி வருகிறது. அந்தப் பிள்ளை கணக்கு வகுப்பில் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டால், அதைத் தடுக்க எந்த வாத்தியாருக்கும் உரிமை இல்லை. யாராவது தடுத்தால் எனக்கு எழுதுங்கள். அதற்கும் இதே பக்கத்தில் சண்டை போடுவேன்.