மகளோட மிஷன் ட்ரிப் போறேன், என்னென்ன பார்க்கணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. எங்க சபையில இருந்து ஒரு டீம் பத்து நாள் வெளிநாட்டுக்கு மிஷன் ட்ரிப் போறாங்க. ஒரு கிராமத்து ஸ்கூலுக்கு பெயின்ட் அடிக்கிறது, சின்னப் பிள்ளைங்களுக்கு விபிஎஸ் (விடுமுறை பைபிள் வகுப்பு) நடத்துறது, ஒரு நாள் அனாதை இல்லத்துக்குப் போய் பிள்ளைங்களோட இருக்கிறதுன்னு ப்ளான். நானும் என் 12 வயசு மகளும் பேர் குடுத்திருக்கோம், மனைவி வரல. மகளுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் நாள் நெருங்க நெருங்க பயமா இருக்கு. அவளை எப்படித் தயார் பண்றது?

பதில்: ஸ்தோத்திரம் பிரதர். பயம் வந்ததே நல்லதுன்னு நினைக்கிறேன், ஏன்னா பயமே இல்லாம பிள்ளையைக் கூட்டிட்டுப் போற பெற்றோரைப் பார்த்தாதான் எனக்குக் கவலை. அங்க போனதும் உங்களுக்கு ரெண்டு பொறுப்பு, டீம் ஆளு ஒண்ணு, அப்பா ஒண்ணு, இந்த ரெண்டும் கண்டிப்பா ஒரு நாள் மோதும். சாயங்காலக் கூட்டத்துக்கு நீங்கதான் பேசணும்னு லீடர் காத்திட்டு இருப்பாரு, அதே நேரத்துல மகள் வயித்து வலின்னு சுருண்டு படுத்திருப்பா. அப்ப நீங்க மகள்கிட்டதான் இருக்கணும். அதை அந்த நேரத்துல யோசிச்சு முடிவெடுக்க முடியாது, மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னு சங்கடம் வந்துரும், அதனால இப்பவே லீடர்கிட்ட உட்கார்ந்து, என் மகளுக்கு ஏதாவதுன்னா என் வேலையை யார் பார்ப்பாங்கன்னு கேட்டு ஒரு பேரை முடிவு பண்ணிக்கங்க.

பேப்பர் விஷயம் சீக்கிரம் சொல்லிடுறேன். திரும்பி வர்ற தேதிக்குப் பிறகும் ஆறு மாசம் ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகணும், நிறைய நாடுகள் இதைக் கேக்குது. மனைவி வராததால, மகளை நீங்க கூட்டிட்டுப் போறதுக்கு சம்மதம்னு அவங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒண்ணு நோட்டரி கிட்ட வாங்கி, பிறப்புச் சான்றிதழ் காப்பியோட வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரி செலவுக்கும், அவசரம்னா வேற ஊருக்குக் கொண்டுபோறதுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுங்க. விசாதான் முக்கியம். டூரிஸ்ட் விசாவுல போய் மத வேலை செஞ்சா பல நாடுகள்ல அது சட்ட மீறல். நேபாளத்துல 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஒருத்தரை மதம் மாத்துனா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க. நீங்க போற நாட்டுல எது செய்யலாம் எது கூடாதுன்னு மகளுக்கும் தெரியணும், ஏன்னா யாராவது ஒரு பெரியவர் மதப் பிரசாரக் கைப்பிரதி நாலை அவ கையில குடுத்து போய் குடும்மான்னா அவ சந்தோஷமா குடுத்துடுவா.

ஹெல்த்துக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே டாக்டரைப் பாருங்க, கடைசி வாரம் போனா சில ஊசி வேலை செய்ய நேரம் பத்தாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கேக்குற நாடுன்னா அந்த சான்றிதழ் ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்னு 2016ல இருந்து விதி. மலேரியா இருக்கிற இடம்னா மாத்திரை உண்டு, அதுல நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா வீட்டுக்கு வந்ததும் நிறுத்திடுறது. மருந்தைப் பொறுத்து, வந்த பிறகும் ஒரு வாரமோ நாலு வாரமோ தொடரணும், எந்த மருந்துன்னு அவ வெயிட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். இன்னொண்ணு, நாய்க்குட்டி. இந்த வயசுப் பிள்ளைங்க தெருநாயைத் தொடாம இருக்காது, கடிச்சாலும் கீறினாலும் அப்பா திட்டுவாருன்னு மறைச்சிடும். எது நடந்தாலும் திட்ட மாட்டேன், உடனே சொல்லுன்னு முன்னாடியே சொல்லி வைங்க, சொன்னதும் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்க.

இப்ப அந்த அனாதை இல்லம். உங்க லெட்டர்ல என் மனசு நின்னது அங்கதான். உலகத்துல இப்படி இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல ரொம்பப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க, வறுமையாலயும் படிப்பு கிடைக்கும்ங்கிற ஆசையாலயும்தான் அங்க கொண்டுவந்து விடுறாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து பார்த்துப் பணம் குடுக்கக் குடுக்க, பிள்ளைங்களைச் சேர்க்கிறதே சில இடத்துல தொழிலா ஆயிடுச்சு. ஆஸ்திரேலியாவுல 2018ல நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டு வந்தப்ப பணத்துக்காகப் பிள்ளைங்களை இப்படி இல்லத்துல கொண்டுவந்து சேர்க்கிற கடத்தலையும் விவாதிச்சாங்க, 2019 டிசம்பர்ல ஐநா பொதுச்சபை தீர்மானத்துலயும் இப்படித் தன்னார்வலர்கள் போறதால வர்ற ஆபத்தைச் சொல்லியிருக்காங்க. நல்ல மனசு இருந்தா போதும்னு நினைக்காதீங்க. 2010 ஜனவரியில ஹெய்ட்டி பூகம்பத்துக்கு அப்புறம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பத்து அமெரிக்க ஆட்கள் 33 பிள்ளைங்களை அனுமதி இல்லாம எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போகப் பார்த்து பிடிபட்டாங்க, அந்தப் பிள்ளைங்கள்ல பலருக்குப் பெத்தவங்க இருந்தாங்க.

நீங்க போறது ஒரே ஒரு நாள்தானே, அதனால என்னன்னு தோணும். அந்தப் பிள்ளை இடத்துல நின்னு பாருங்க. ஒரு அக்கா வந்து மடியில வெச்சு, பாட்டுப் பாடி, அழுது கட்டிப்பிடிச்சிட்டுப் போயிடுறா, அடுத்த மாசம் வேற டீம்ல இன்னொரு அக்கா, அதே மாதிரி போயிடுறா. விட்டுட்டுப் போறவங்களையே திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ற பிள்ளை அது. அதனால லீடர்கிட்ட பணிவா, ஆனா உறுதியா கேளுங்க, அந்த ஒரு நாளை அங்க இருக்கிற சபைக் குடும்பங்களோட செலவழிக்கலாமே, சமைக்கிறதுக்கும் தண்ணி தூக்குறதுக்கும் நம்ம பிள்ளைங்க கூட நிக்கட்டுமேன்னு. அவர் மாத்தலன்னாலும் அன்னிக்கு நீங்களும் மகளும் வேற வேலையில இருக்கலாம்.

போட்டோவும் இதே கதைதான். அங்க இருக்கிற பிள்ளையை, அதுவும் கிழிஞ்ச சட்டையோட, அதோட அம்மாகிட்ட கேக்காம எடுத்து ஸ்டேட்டஸ்ல போடக் கூடாது, உங்க மகள் போட்டோவை யாராவது அப்படிப் போட்டா விடுவீங்களா? மகளோட பாதுகாப்புக்கும் ரூல் இருக்கட்டும், நீங்க இல்லாம அவ எந்த ஒரு பெரியவர்கூடவும் தனியா இருக்கக் கூடாது, அது டீம் ஆளானாலும் சரி அங்க இருக்கிற போதகரானாலும் சரி. இது யார் மேலயும் சந்தேகம் இல்ல, நல்ல மிஷன் அமைப்புகள் எல்லாமே இதை எழுதியே வெச்சிருக்காங்க, உங்க டீம்ல இல்லன்னா எழுதச் சொல்லுங்க.

தினமும் ராத்திரி பத்து நிமிஷம் அவளோட தனியா உட்காருங்க. இன்னிக்கு என்ன கத்துக்கிட்டன்னு பரீட்சை மாதிரி கேக்காதீங்க, எது பிடிக்கல, எது புரியலன்னு கேளுங்க. நாம எவ்வளவு பாக்கியசாலின்னு பார்த்தியாங்கிற வார்த்தையை மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, அடுத்தவங்க கஷ்டம் நம்ம பிள்ளைக்குப் பாடப் புத்தகம் இல்ல. திரும்பி வந்த ஞாயித்துக்கிழமையே மேடையில ஏத்தி சாட்சி சொல்லு, அனுபவத்தைச் சொல்லுன்னும் நிக்க வைக்காதீங்க, சில பிள்ளைங்களுக்கு உள்ள போனது வெளிய வர மாசக் கணக்காகும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயசு. சர்ச்சுக்கு வர்றதை விட்டுட்டான், எப்பவும் போன்தான். வெளிநாட்டு ஊழியத்துக்குக் கூட்டிட்டுப் போனா கஷ்டப்படுற ஜனங்களைப் பார்த்து மனசு மாறுவான்னு எல்லாரும் சொல்றாங்க, அவன் வரவே மாட்டேங்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேணாம் சிஸ்டர். அங்க இருக்கிற ஜனங்க உங்க மகனைத் திருத்துறதுக்காக வாழல. அவங்க வீட்டைத் திறந்து, இருக்கிறதுல நல்லதை எடுத்து வெச்சுக் காத்திருப்பாங்க, இவன் முகத்தைத் தூக்கி வெச்சிட்டு மூலையில உட்கார்ந்தா அது அவங்களுக்குத்தான் அவமானம். அவன் ஏன் சர்ச்சுக்கு வர்றதில்லன்னு அவன்கிட்ட கேட்டீங்களா, பதில் சொல்லும்போது குறுக்க பேசாம கேட்டீங்களா? அதுதான் முதல் வேலை, அதுக்கு பாஸ்போர்ட் தேவையில்ல.

பைபிள்ல வர்ற மாற்கு கதை உங்களுக்குத் தெரியும். பவுலும் பர்னபாவும் ஊழியத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போன முதல் பயணத்துலயே பெர்கேங்கிற ஊர்ல அவங்களை விட்டுட்டு எருசலேமுக்குத் திரும்பிட்டான். அடுத்த பயணத்துக்கு அவனை சேர்க்கவே கூடாதுன்னு பவுல் சொல்ல, சொந்தக்காரனான பர்னபா விட்டுக் குடுக்காம தனியா அவனைக் கூட்டிட்டுப் போனாரு. கடைசி காலத்துல அதே பவுல், மாற்குவைக் கூட்டிட்டு வா, அவன் எனக்கு உபயோகமானவன்னு எழுதுறாரு. பர்னபா மாதிரி ஒரு பெரியவர் உங்க பையன் பக்கத்துல இருக்காரான்னு பாருங்க, மாமாவோ வாலிபர் கூட்ட அண்ணனோ யாரா இருந்தாலும் சரி. நாளைக்கு அவனே, எனக்கு விசுவாசம் எல்லாம் தெரியாது, ஆனா பெயின்ட் அடிக்க வர்றேன்னு சொன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க, ஆனா லீடருக்கு உண்மையைச் சொல்லிட்டு, அவனை ஜெபிக்கவோ சாட்சி சொல்லவோ யாரும் கூப்பிடக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டு.

கேள்வி: நானும் என் மகனும் மிஷன் ட்ரிப் போறோம், பயணச் செலவுக்கு உதவி கேட்டு சபையில சப்போர்ட் லெட்டர் குடுக்கணும். மகன் கையால எழுதினா நிறைய பேர் குடுப்பாங்கன்னு சொல்றாங்க. சரியா?

பதில்: அவன் எழுதட்டும், ஆனா அவன் வார்த்தையில, நீங்க சொல்லச் சொல்ல இல்ல. டிக்கெட்டுக்கு எவ்வளவு, தங்க எவ்வளவு, அந்த ஊர் வேலைக்குன்னு எவ்வளவு போகுதுன்னு பிரிச்சுக் காட்டுங்க, பெரும்பாலும் டிக்கெட்தான் பெருசா இருக்கும், அதை மறைக்க வேணாம். அங்க சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி வேலைன்னா, அந்த ஊர் பெயின்டரே சம்பளத்துக்கு அடிக்க ரெடியா இருந்தா அவருக்குக் குடுத்துட்டு நீங்க அவருக்கு உதவியா நில்லுங்க. வந்த பிறகு குடுத்த ஒவ்வொருத்தருக்கும் மகன் ஒரு லெட்டர் எழுதணும், எது சரியா நடக்கலங்கிறதும் அதுல இருக்கட்டும், மிச்சப் பணம் இருந்தா எங்க போச்சுங்கிறதும் இருக்கட்டும்.