வன்னியில் இருந்துகொண்டே கலாநிதிப் பட்டம்: பாடசாலை நிர்வாகம் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியில் அதிபராக வேலை செய்தபடியே பகுதிநேரமாகக் கலாநிதிப் (பிஎச்.டி.) பட்டம் முடித்தவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சேர், முல்லைத்தீவில பிரதி அதிபரா இருக்கிறன். கல்வி முதுமாணி முடிச்சிட்டன். நேரே கலாநிதிக்குப் பதியலாமோ?

உங்கள் முதுமாணி எந்த மட்டம் என்று முதலில் பாருங்கோ. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10, முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி 12. உங்களுடையது 9 என்றால் முதுதத்துவமாணியில் பதிந்து, ஆய்வு வேலையின் முன்னேற்றத்தைக் காட்டி, பிறகு கலாநிதிக்கு மாற்றக் கேட்கலாம். ஆய்வு முறையியலை ஆறுதலாகப் படிக்க அதில் நேரமும் கிடைக்கும்.

சேர், நான் துணுக்காய் வலய ஆசிரியை. "அதிபர்களின் தலைமைத்துவப் பாணியும் ஆசிரியர் திருப்தியும்" எண்டு வினாக்கொத்து ஆய்வு செய்யலாமோ?

வேண்டாம் ரீச்சர். துணுக்காய், மடு போன்ற வலயங்களில் 1ஏபி பாடசாலைகள், அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை, விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சில அதிபர்களை மட்டும் வைத்துப் புள்ளிவிபரம் போட்டால் ஒன்றும் நிற்காது. அதைவிட, அந்தத் தலைப்பை எந்த ஊரிலும் செய்யலாம். எங்கட பாடசாலைகளுக்கு நடந்தது எல்லா ஊரிலும் நடக்கவில்லை. 2008, 2009இல் இறுதிப் போரின்போது ஒரே பாடசாலை இடத்துக்கு இடம் பெயர்ந்தது. மரத்தடியில் வகுப்பு நடந்தது. பிறகு செட்டிகுளம் முகாம்களில் பிள்ளைகளைச் சேர்த்துப் பரீட்சைக்கு அனுப்பினார்கள். கட்டடமும் தளபாடமும் இல்லாத இடத்தில் அதிபர் எதை வைத்து நிர்வாகம் செய்தார்? இதுதான் கேள்வி. இரண்டு மூன்று பாடசாலைகளை எடுத்து ஆழமாகச் செய்யுங்கோ.

பாடசாலையில் நடப்பதை அதிபர் பதிந்து வைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் முதலில் தேடுங்கோ. நான் போன பாடசாலைகளில் ஒன்றே ஒன்றில்தான் 2009க்கு முந்திய சம்பவத்திரட்டு இருந்தது. இடம்பெயரும்போது ஓர் எழுதுவினைஞர் உரப்பையில் சுற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றியது. அதைப் புரட்டிய அன்று எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கால அதிபர்கள் பலர் ஓய்வுபெற்று முதுமையில் இருக்கிறார்கள். ஆய்வு முன்மொழிவு முடியட்டும் என்று காத்திராமல் இப்பவே போய்ப் பேசி, அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கோ.

அண்ணை, நான் அதிபர். என்ர பாடசாலையிலேயே செய்தா என்ன?

உங்கட ஆசிரியர் உங்களுக்கு "மாட்டன்" என்று சொல்ல ஏலாது. அந்தத் தரவை எப்படி நம்புவது? வேறு பாடசாலை எடுங்கோ. மாகாணக் கல்வித் திணைக்களத்திலும் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி எடுங்கோ.

இந்தப் பட்டம் இருந்தா கல்வி நிர்வாக சேவைக்குள்ள போகலாமோ?

பட்டத்தை மட்டும் காட்டி இல்லை. அதற்குப் போட்டிப் பரீட்சை இருக்கு. பதவிதான் நோக்கமென்றால் இந்த ஐந்தாறு வருசத்தைப் பரீட்சைக்குக் கொடுங்கோ.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்டு ஒன்லைனில ஒன்றரை வருசத்தில தருதாம்.

காசு கட்டாதேங்கோ. முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அங்கீகாரம் பற்றி எழுத்தில் கேளுங்கோ. மூன்று வருசத்துக்குக் குறைந்த கலாநிதியை நான் நம்பமாட்டேன்.

சேர், தமிழில எழுதலாமோ?

பதிவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்திடமும் மேற்பார்வையாளரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கோ. வாசிப்புக்கு ஆங்கிலம் வேணும். ஆய்வேடு எந்த மொழியென்றாலும் நேர்காணல்களை அவர்கள் பேசின வன்னிப் பேச்சிலேயே எழுதி வையுங்கோ. "சனம் வெளிக்கிட்டுது, பள்ளிக்கூடமும் கூட வெளிக்கிட்டுது" என்று ஓர் அதிபர் எனக்குச் சொன்னார். மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் அதை அப்படியே போட்டேன்.